மதில் சுவரோடு நின்றுவிடும் கணக்கு

இந்தியாவில் 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டுமானப் பரப்புக் கொண்ட கட்டடம் ஒன்றை எழுப்ப வேண்டுமென்றால், நிலத்துக்கு வேலி அடைப்பதைத் தவிர வேறு எந்த வேலையையும் தொடங்கும் முன் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றாக வேண்டும். 2006 செப்டம்பர் 14-ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி இது. சென்னையில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இந்த அனுமதியை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமும், திட்ட அனுமதியைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் வழங்குகின்றன. மழைநீர் வடிகால் வடிவமைப்பில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் இந்தக் கோப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் தென்சென்னையைப் பொறுத்தவரை, எல்லாவற்றிலும் பெரிய கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. இத்தனை கட்டடங்களும் எழுந்த பிறகு, இங்கே வந்து சேரும் மழைத்தண்ணீர் எங்கே போகும் என்பதே அந்தக் கேள்வி.

தாக்க மதிப்பீடு என்ற நடைமுறை இந்தியாவில் 1994-லேயே சட்ட வடிவம் பெற்றுவிட்டது. ஆனால் அப்போது சுரங்கம், அணை, அனல்மின் நிலையம், வேதித் தொழிற்சாலை போன்றவையே அதன் வரம்புக்குள் வந்தன. வீடுகளும் அலுவலகங்களும் சூழலைப் பாதிக்கக் கூடியவை என்று யாரும் எண்ணவில்லை. 2004 ஜூலையில்தான் பெரிய கட்டுமானங்கள் பட்டியலில் சேர்ந்தன. 2006 அறிவிக்கை அவற்றை இரண்டாகப் பிரித்தது: 20,000 முதல் 1,50,000 சதுர மீட்டருக்குள் இருப்பவை ஒரு வகை, அதற்கு மேற்பட்டவையும், 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரந்த நகரியங்களும் மற்றொரு வகை. முதல் வகைக்கு முழுமையான தாக்க மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படுவதில்லை. படிவம் 1, படிவம் 1அ என்ற இரண்டு படிவங்களையும் கட்டடத்தின் கருத்துரு வரைபடத்தையும் வைத்தே நிபுணர் மதிப்பீட்டுக் குழு தன் பரிந்துரையை எழுதுகிறது. இரு வகைகளுக்குமே பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. ஒரு சுரங்கம் வரும்போது அந்த ஊர் மக்கள் மேடையேறிப் பேச முடிகிறது. ஆயிரக்கணக்கானோர் குடியேறப் போகும் கோபுரங்கள் தெருக்கோடியில் எழும்போது, அந்தத் தெருவில் வாழ்பவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படுவதில்லை.

படிவம் 1அ-வைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை வகுத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். நிலம், நீர், தாவரம், விலங்கு, காற்று, கட்டுமானப் பொருள், ஆற்றல் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறது அது. நிலத்தில் எவ்வளவு மண் வெட்டப்படும், எவ்வளவு நிரப்பப்படும் என்று கேட்கிறது. இயற்கையான நீரோட்டம் மாறுமா என்று கேட்டு, நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகள் வரைந்த படத்தில் அதைக் காட்டச் சொல்கிறது. பிறர் பயன்படுத்தும் தண்ணீர் இந்தத் திட்டத்துக்காகத் திருப்பப்படுமா என்றும் கேட்கிறது. இவற்றுக்கும் மேலாக, நிலப்பயன்பாடு மாறுவதால் அந்தப் பகுதியில் மழைநீர் வழிந்தோடும் விதம் நீண்டகாலத்தில் எப்படி மாறும், அதனால் வெள்ளமோ நீர்த்தேக்கமோ மோசமாகுமா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. மழைநீரைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியைக் கேட்க முடியாது. அதற்கு வரும் பதில்தான் ஏமாற்றமளிக்கிறது. வளாகத்தில் மழைநீர் சேகரிப்புத் தொட்டியும் கசிவுநீர்க் குழிகளும் அமைக்கப்படும், ஆகவே பாதிப்பு இருக்காது என்ற பொருளில் இரண்டு மூன்று வரிகள் எழுதப்பட்டு விஷயம் முடிந்துவிடுகிறது.

அந்த இரண்டு மூன்று வரிகளைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். புல்லும் புதரும் வளர்ந்த வெற்று நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடும் என்று கொண்டால், வெளியேறுவது 2 லட்சம் லிட்டர். அதே நிலத்தில் கூரையும் கான்கிரீட் பாதையும் வந்த பிறகு பத்தில் ஏழு பங்கு வழிந்தோடும் என்று கொள்வது வடிவமைப்பில் இயல்பானது. அப்போது வெளியேறுவது 7 லட்சம் லிட்டர். இந்தக் கூடுதல் 5 லட்சம் லிட்டரைத் தொட்டியும் குழியும் வாங்கிக்கொள்ளும் என்பதே கோப்பு தரும் உறுதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தென்சென்னையின் களிமண் நிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு அருகே ஏறிவிடுகிறது. அந்த நிலையில் கசிவுநீர்க் குழியில் விடும் தண்ணீர் எங்கும் கசியாது, குழியிலேயே நிற்கும். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 490 மில்லிமீட்டர் மழை பதிவானது. மேலே போட்ட கணக்கை ஐந்தால் பெருக்கினால் அந்த நாளின் அளவு தெரியும்.

வழிந்தோடும் நீரைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது நிரப்பும் மண். உயரமான கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி கேட்கும்போது தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம் ஆகியவற்றோடு, நிலம் வெள்ளத்தில் மூழ்குமா என்பதைப் பார்த்து நீர்வளத் துறையும் ஒரு தடையின்மைச் சான்று தர வேண்டும். தாழ்வான நிலமாக இருந்தால், இன்ன மட்டம் வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று அந்தச் சான்று நிபந்தனை விதிக்கிறது. வாங்கப்போகிறவரின் வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது, அது நியாயமானதே. ஆனால் ஒரு ஹெக்டேர் நிலத்தை ஒரு மீட்டர் உயர்த்த 10,000 கன மீட்டர் மண் வேண்டும். அதுவரை வெள்ளக் காலத்தில் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு கோடி லிட்டர் தண்ணீர் இனி வேறு எங்காவது போய் நிற்க வேண்டும். வளாகத்துக்குள் கட்டப்படும் சேகரிப்புத் தொட்டி சில நூறு கன மீட்டர் கொண்டால் அதுவே பெரிய தொட்டி. நிறைந்த அண்டாவுக்குள் கல்லைப் போட்டால் தண்ணீர் விளிம்பைத் தாண்டுவது போல, அந்த ஒரு கோடி லிட்டரும் பக்கத்தில் இருக்கும் பழைய குடியிருப்புகளுக்குத்தான் போகும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு சேமிப்பைப் போட்டுத் தரைமட்டத்தில் வீடு கட்டிய குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. தங்கள் வாசலைவிடத் தெருவும் அடுத்த மனையும் உயர்ந்துவிட்டதை அவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தெரிந்துகொள்கிறார்கள். அவர்களுடைய வாசல் மட்டம் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை.

மண்ணைக் கொட்டச் சொல்லும் துறையும், பாதிப்பு இருக்காது என்ற பதிலை ஏற்கும் ஆணையமும் வெவ்வேறு மேசைகளில் வேலை செய்கின்றன. ஒன்றின் நிபந்தனை மற்றொன்றின் கணக்கைப் பொய்யாக்குகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இந்தப் பகுதியின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு தீவிரமானது என்பது புரியும். மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று மேட்டுப் பகுதியில் இருக்கும் ஏரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கலங்கல் என்னும் உபரிநீர் வாய் வழியே வழிந்து, பள்ளிக்கரணைக் கழுவெளியில், அதாவது சதுப்பு நிலத்தில், வந்து கலக்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகின்றன. மிகப் பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதியின் தண்ணீர் முழுவதும் ஒரே ஒரு மடுவின் வழியாக வெளியேற வேண்டும். அது வெளியேற நேரம் பிடிக்கும். அந்த நேரம் வரை தண்ணீரைத் தாங்கிக்கொள்ளவே கழுவெளி பரந்து கிடந்தது. குப்பைக் கிடங்கும் சாலையும் நிறுவனக் கட்டடங்களும் குடியிருப்புகளும் அதன் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லை நிலத்தில் அளந்து காட்டப்படாமலே அனுமதிகள் தொடர்ந்ததால், 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. எல்லையும் அதன் தாக்கப் பகுதியும் அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரை, ஈரநிலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் புதிய அனுமதி வழங்கக் கூடாது என்று அது உத்தரவிட்டது. அக்டோபர் இறுதியில், பெரும்பாக்கத்தில் சுற்றுச்சூழல் அனுமதியும் திட்ட அனுமதியும் பெற்றுத் தொடங்கிய பெரிய குடியிருப்புத் திட்டம் ஒன்றுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எல்லாப் படிகளையும் ஏறி இறங்கிய கோப்பு ஒன்று, அந்த நிலம் ஈரநிலத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்ற முதல் கேள்வியிலேயே நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டி வந்தது.

நல்ல தண்ணீர், கழிவுநீர்க் கணக்குக்கு வருகிறேன். கோப்புகளில் மிகவும் கவனமாகப் போடப்படும் கணக்கு இதுதான். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதில் 90 லிட்டர் நல்ல தண்ணீர், 45 லிட்டர் கழிப்பறைக்கு. 500 வீடுகள், வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் 2,500 பேர். நாளொன்றுக்கு 2,25,000 லிட்டர் நல்ல தண்ணீரும், சுத்திகரித்த நீராக 1,12,500 லிட்டரும் வேண்டும். நல்ல தண்ணீரில் 80 விழுக்காடும் கழிப்பறை நீர் முழுவதும் கழிவுநீராகும் என்று கொண்டால், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருவது 2,92,500 லிட்டர். அதில் கழிப்பறைக்குத் திரும்புவது போக ஏறக்குறைய 1,80,000 லிட்டர் மிஞ்சும். தோட்டத்துக்குச் சில ஆயிரம் லிட்டர் போகும். மீதி எங்கே போகும்? பாதாளச் சாக்கடை இருக்கும் இடத்தில் விடை எளிது. அது இன்னும் வந்து சேராத புறநகரில், சாலையோர மரங்களுக்கு ஊற்றப்படும் என்று எழுதுவது வழக்கமாகியிருக்கிறது. அடைமழைக் காலத்தில் எந்த மரமும் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் லட்சம் லிட்டரைக் கேட்பதில்லை. அந்தத் தண்ணீர் வடிகாலுக்குப் போய், வடிகாலிலிருந்து ஏரிக்குப் போகிறது. சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடாத வளாகமாக இருந்தால், போவது கழிவுநீராகவே போகிறது.

நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கட்டத்தில் குடிநீர் வாரியத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். குழாய் இணைப்பு வரும் வரை, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகள் பல ஆண்டுகளாக லாரித் தண்ணீரில் வாழ்ந்ததை அங்கே வீடு வாங்கியவர்கள் அனைவரும் அறிவார்கள். அந்த லாரி நிரம்பும் கிணறு, நகருக்கு வெளியே யாரோ ஓர் உழவரின் வயலுக்கு அருகே இருக்கிறது. பிறர் பயன்படுத்தும் தண்ணீர் திருப்பப்படுமா என்ற படிவத்தின் கேள்விக்கு உண்மையான பதில் அதுதான். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. மேலே சொன்ன 500 வீடுகளைப் போன்ற பதினோரு வளாகங்களின் ஒரு நாள் நல்ல தண்ணீர்த் தேவை அது.

அனுமதிக் கடிதத்தோடு வரும் நிபந்தனைகள் நீளமானவை, பெரும்பாலும் நல்லவை. 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம், மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்துப் பாதுகாத்தல், குப்பையைத் தரம்பிரித்தல், ஆற்றல் சிக்கன விதிகளைப் பின்பற்றுதல் என்று பட்டியல் போகும். அவை நிறைவேறுகின்றனவா என்று ஆண்டுதோறும் ஜூன் 1-ஆம் நாளும் டிசம்பர் 1-ஆம் நாளும் கட்டுமான நிறுவனமே அறிக்கை தர வேண்டும். மதிப்பீட்டை எழுதும் ஆலோசகருக்குக் கட்டணம் தருவதும் அதே நிறுவனம்தான். ஆலோசகர்கள் அங்கீகாரம் பெற்றவர்கள், அவர்களில் நேர்மையானவர்களை நான் அறிவேன். ஆனால் சம்பளம் தருபவருக்குப் பாதகமான விடையை எழுதும் துணிவை ஒரு தனி மனிதரின் நேர்மையிடம் விட்டுவைப்பது நல்ல ஏற்பாடு ஆகாது. கட்டி முடிந்து, வீடுகள் விற்று, சங்கத்திடம் சாவியை ஒப்படைத்த பிறகு, சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணமும் பராமரிப்பும் குடியிருப்போர் தலையில் விழுகின்றன. தாங்கள் எந்த நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற கடிதத்தைக்கூடப் பார்த்திராத சங்க நிர்வாகிகளோடு பேசியிருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு யாரும் அதைத் தரவில்லை.

20,000 என்ற எல்லைக்குச் சற்றே கீழே நிறுத்தப்படும் திட்டங்களும், ஒரே நிலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து விண்ணப்பிக்கும் வழக்கமும் இந்தத் துறையில் அனைவரும் அறிந்தவை. கணக்கில் எதைச் சேர்ப்பது என்பதில் இருந்த குழப்பத்தை 2011-இல் வந்த திருத்தம் ஓரளவு தீர்த்தது. தரைக்குக் கீழே உள்ள தளம் உள்ளிட்ட எல்லாத் தளங்களும் கட்டுமானப் பரப்பில் சேரும் என்று அது தெளிவாக்கியது. மறுபுறம், எல்லையையே தளர்த்தும் முயற்சிகள் நிற்கவில்லை. 2016 டிசம்பரில் இந்த மதிப்பீட்டை உள்ளாட்சிகளின் கட்டட அனுமதியோடு சேர்த்துவிட அரசு முயன்றது. அதன் முக்கியப் பகுதிகளை 2017 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் தடுத்தது. 2025 ஜனவரியில் கல்வி நிறுவனங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் விலக்கு அளித்த அறிவிக்கையின் பகுதியை, அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பள்ளிக்கூடம் என்பதற்காக அதன் கூரையில் விழும் மழை குறைந்துவிடாது என்பதால் அந்தத் தீர்ப்பு எனக்கு மகிழ்ச்சி தந்தது.

என் கோரிக்கை எளியது. ஒரு நிலத்தை மதிப்பிடும் முன் அந்த நிலம் இருக்கும் வடிநிலத்தை, அதாவது மழைநீர் ஒரே இடத்துக்கு வடிந்து சேரும் மொத்தப் பரப்பை, மதிப்பிட வேண்டும். பள்ளிக்கரணை வடிநிலத்தில் ஒவ்வோர் ஏரியும் எவ்வளவு கொள்ளும், ஒக்கியம் மடுவு மணிக்கு எவ்வளவு வெளியேற்றும், இதுவரை எவ்வளவு மண் கொட்டப்பட்டிருக்கிறது, இன்னும் எவ்வளவு கொட்டினால் எந்தத் தெரு மூழ்கும் என்ற கணக்கை அரசு தன் செலவில் ஒருமுறை போட்டு, ஒவ்வொரு புதிய அனுமதிக்குப் பின்பும் திருத்தி, எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். நில அளவீட்டுத் தரவுகளும் கணினி மாதிரிகளும் இன்று இருக்கின்றன. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இந்த நகரத்துப் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறார்கள். மண் கொட்டி உயர்த்தித்தான் தீர வேண்டுமென்றால், இழந்த கொள்ளளவை அதே வடிநிலத்தில் வேறோர் இடத்தில் தோண்டித் தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். பணிநிறைவுச் சான்று தரும் முன், ஒரு மழைக்காலத்திலாவது கசிவுநீர்க் குழிகளையும் வெளியேறும் நீரையும் நேரில் அளந்து பார்க்கலாம். அனுமதிக் கடிதத்தின் தமிழாக்கத்தை வீட்டுப் பத்திரத்தோடு இணைக்கலாம். வடிநிலக் கணக்கு முடியும் வரை கட்டுமானம் நிற்க வேண்டுமா என்று கேட்பார்கள். கழுவெளியைச் சுற்றி மட்டுமாவது நிற்க வேண்டும் என்பதே என் பதில். அங்கே ஒருமுறை கொட்டிய மண்ணை யாரும் திரும்ப அள்ளப் போவதில்லை.

உங்கள் தெருவில் அப்படியொரு திட்டம் வருகிறதென்றால், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதன் விண்ணப்பத்தையும் படிவங்களையும் தேடிப் படிக்கலாம். நிரப்பும் மண்ணின் அளவையும், சமஉயரப் படத்தில் உங்கள் தெரு காட்டப்பட்டிருக்கிறதா என்பதையும், மிஞ்சும் சுத்திகரித்த நீர் எங்கே விடப்படும் என்ற வரியையும் முதலில் பாருங்கள். நீர்வளத் துறையின் சான்றில் எந்த மட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். அனுமதி கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், அவற்றில் ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் தர வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் உண்டு. தகுந்த காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மேலும் 60 நாட்கள் வரை ஏற்கலாம். அதற்கு மேல் ஒரு நாள் தாமதமானாலும் மனு தள்ளுபடியாகும் என்பதால், விளம்பரம் வந்த நாளிதழின் அந்தப் பக்கத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள்.